கவிழ்த்து வைத்த குடம்

என் மகனே,

நேற்று மத்தியானம் இரண்டாம் தடவை ரசம் ஊற்றிக்கொண்டே, கம்பெனி வேலையாகப் போய்வந்த மலை ஊரைப் பற்றி நீ சாதாரணமாக ஒன்று சொன்னாய். "அந்த ஊர்ல மீட்டிங் நல்லா போச்சும்மா. யாரும் ஒண்ணும் சொல்லல. சோறு போட்டு, அமைதியா கேட்டுக்கினாங்க. எதிர்ப்பு இல்லைன்னு ரிப்போர்ட் எழுதிட வேண்டியதுதான்." உன் அப்பா தலையாட்டினார். நீ போனை நீட்டி ஒரு படம் காட்டினாய். கம்பெனி சார்பில் வீட்டுக்கு ஒன்றாக நீங்கள் கொடுத்த குடைகள் எல்லாம், ஊர் முனையில் இருந்த ஒரு மரத்தில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. "வூட்ல எடமில்லபோல, பாவம். மரத்துலயே மாட்டி வச்சிருக்காங்க. பாக்க அழகா இருந்திச்சு" என்றாய். அப்படித் தொங்கியதில் ஒன்றை எனக்காக எடுத்தும் வந்திருந்தாய். நான் அப்பளம் கொண்டுவருவதாகச் சொல்லி அடுக்களைக்குள் போய்விட்டேன். அப்பளம் ஏற்கெனவே உன் தட்டில் இருந்தது. நீ கவனிக்கவில்லை.

இன்று காலை உளுந்தூர்பேட்டையில் உன்னைப் பஸ் ஏற்றிவிடும்போது மூன்று முறை வாயெடுத்தேன். லாரி ஹாரனும் டீக்கடைப் பாட்டும் சேர்ந்து என்னை அடக்கிவிட்டன என்று சொன்னால் அது பொய். வீட்டில் நாலு பேர் கூடினாலே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குகிறவள் நான். என்னால் எழுதத்தான் முடியும். எழுதித்தான் ஒரு முறை கெடுத்தேன், எழுதித்தான் அதைச் சரியும் செய்தேன். அந்தக் கதையை இதுவரை உனக்குச் சொன்னதில்லை. இதைப் பெயர்களை எடுத்துவிட்டு அச்சுக்கும் கொடுக்கப் போகிறேன். கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டிக்கொண்டு மலை ஊர்களுக்குப் போகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்களுடைய அம்மாக்களுக்கு இப்படி ஒரு கதை இல்லாமல் இருக்கலாம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, உனக்குப் பத்து மாதம். இட ஒதுக்கீடு கேட்டு, கீழே தரைநாட்டில் இளைஞர்கள் சாலைகளை மறித்துக்கொண்டிருந்த காலம். உன் அப்பாவுக்குக் கல்வராயன் மலையில் வாத்தியார் வேலை கிடைத்து, சங்கராபுரம் பக்கத்திலிருந்து நாம் மூன்று பேரும் மலையேறியிருந்தோம். முப்பது வீடுகள் உள்ள ஊர். பின்பக்கம் ஒரு பெரிய கரடு. அதன் சரிவில் கடுக்காய் மரங்கள், கீழே சாமைக் கொல்லைகள், பள்ளத்தில் ஓடை. ஊருக்கு வேண்டிய தண்ணீரெல்லாம் அந்தக் கரட்டிலிருந்துதான் கசிந்து வந்தது. அதன் வயிற்றில் இரும்புக்கல் இருப்பதாக ஒரு கம்பெனி கண்டுபிடித்தது. அந்தக் கம்பெனியின் பெயர் வேண்டாம், இன்று அது இல்லை.

ஊர்க்காரர்களோடு கூட்டம் போட்டு நடந்ததை எழுதித் தர ஓர் ஆள் தேவைப்பட்டது. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த, நல்ல கையெழுத்து உள்ள பெண் மலையிலேயே இருக்கிறாள் என்றதும் மேனேஜர் வீடு தேடி வந்தார். கூட்டக் குறிப்பு எழுதினால் போதும், ஆபீஸ் திறந்ததும் நிரந்தர வேலை என்றார். நூலகத்துப் புத்தகங்களைத் தவிர எனக்கென்று வேறெதுவும் இல்லாத வயது அது. சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன்.

கூட்டத்தன்று ஊரே சமைத்தது. வந்தவர்களுக்குச் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் போட்டார்கள். மேனேஜர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு பேசினார். ரோடு வரும், ஆஸ்பத்திரி வரும், கரட்டை மட்டும் விட்டுக் கொடுங்கள் என்றார். பேசி முடித்ததும் வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் குடம் என்று ஜீப்பிலிருந்து இறக்கினார்கள். எல்லாரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார் மேனேஜர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் எழுதினேன்: "அனைவரும் குடங்களைப் பெற்றுக்கொண்டனர். எவரும் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை." மேனேஜர் வாங்கிப் பார்த்து, "கையெழுத்து முத்து மாதிரி இருக்குதும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையை எத்தனை நாள் மனசுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் காலை ஓடைக்குப் போனபோது, ஊர் முடிகிற இடத்தில், பாதையோரம் அந்த முப்பது குடங்களும் கவிழ்ந்திருந்தன. கழுவிக் காய வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். என்ன சுத்தம் என்று மெச்சிக்கொண்டேன். இரண்டு நாள் ஆனது, ஐந்து நாள் ஆனது, பத்து நாளும் ஆனது. மழையில் நனைந்து, மேலே சருகு ஒட்டி, குடங்கள் அப்படியே கிடந்தன. இவர்களுக்குப் பொருளின் அருமை தெரியவில்லை என்று என் புத்தி முடிவு செய்துவிட்டது. அவ்வளவு படித்திருந்தும் அந்த முடிவுக்கு எவ்வளவு சுலபமாகப் போய்ச் சேர்ந்தேன் பார். ஒரு குடத்தை எடுத்து வந்து புளி போட்டு விளக்கினேன். அன்று சாயங்காலம் அதில்தான் வெந்நீர் கலந்து உன்னைக் குளிப்பாட்டினேன்.

அடுத்த வாரத்திலிருந்து நம் வாசலுக்கு யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னிக்கும் என் வயதுதான். தினமும் கீரையோடு வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போகிறவள், என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஓடையில் நான் இறங்கினால் மற்ற பெண்கள் கரையேறினார்கள். திட்டவில்லை, முறைக்கவில்லை, விலகிக்கொண்டார்கள். நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குப் பல் முளைக்கிற நேரம். எடுத்துக்கொள்ள வேறு கை இல்லாமல் நாள் முழுக்க அழுதாய்.

அப்போதுதான் கரட்டைக் கம்பெனிக்குக் கொடுக்கலாமா என்று கள்ளக்குறிச்சியில் விசாரணை என நோட்டீஸ் வந்தது. கம்பெனி சமர்ப்பித்த ஆதாரங்களில் முதலாவது என் கூட்டக் குறிப்பு. பள்ளிக்கூடத்துக்கு வந்த நோட்டீஸை ஊருக்குப் படித்துக் காட்டிவிட்டு உன் அப்பா முகம் வெளுத்துத் திரும்பினார். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு நேரே பொன்னி வீட்டுக்குப் போனேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"பொன்னி, நான் இன்னா தப்பு பண்ணேன்? அதையாவது சொல்லு."

"எங்கள கேக்கறியா? குடத்த எடுத்துக்கினு போயி புள்ளைக்குத் தண்ணி ஊத்தறவ நீ."

"அது வேணாம்னு கெடந்திச்சு."

"ஆமா, வேணாம்னுதான் வச்சோம். ஊரு வேணாம்னு வச்சத ஒருத்தி எடுத்தா இன்னா அர்த்தம்? எனக்கு வேணும்னு அர்த்தம். நீயும் இந்த ஊர்லதான இருக்கற?"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஊரில் பெண் கேட்டு வருகிறவர்கள் ஒரு பாத்திரம் கொண்டுவருவார்கள். சாப்பாடு போட்டு, கொடுத்ததை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிடித்திருந்தால் அந்தப் பாத்திரம் அடுப்பேறும். பிடிக்கவில்லையென்றால் மறுநாள் காலையில் ஊர் எல்லையில் கவிழ்ந்திருக்கும். வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு மனவருத்தம் இல்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வேறு யார் எடுத்தாலும், அந்தச் சம்பந்தத்துக்கு அவர்கள் சம்மதித்ததாக ஆகிவிடும். ஊர் இல்லை என்று சொன்னது. நான் ஆமாம் என்று சொல்லி அந்த இல்லையைக் கலைத்திருந்தேன்.

எனக்குக் கோபமும் வந்தது. "அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"நம்ம வூட்ல சோறு துன்னவன் மூஞ்சியப் பாத்து இல்லன்றதா? உங்க ஊர்ல அப்பிடித்தான் சொல்லுவீங்களா?"

"சொல்லுவோம்."

"அதான் உங்க ஊர்ல தெனம் சண்ட."

எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்துவிட்டாள். முறத்தை வைத்துவிட்டு உன்னை வாங்கிக்கொண்டாள். இப்போதே ஓடி, எடுத்த இடத்திலேயே குடத்தை வைத்துவிடுகிறேன் என்றேன். பொன்னி தலையசைத்து மறுத்தாள். "பத்தாது. இப்ப அது உன் குடம். யாரு குடுத்தானோ அவன் முன்னாடி கவுத்து வைக்கணும். வேற யாரு கையிலயும் குடுக்கக் கூடாது. நீயே தூக்கிக்கினு வரணும்."

விசாரணைக்கு முந்தின நாளே இறங்கினோம். பஸ் கிடையாது, சாலையெல்லாம் மறியல். வீட்டுக்கு ஒருவராக முப்பது பேர். எல்லையில் கிடந்த குடங்களை, கொடுத்தவனிடமே திருப்பத்தான் என்பதால், தலைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்குக் குடம் குறைந்தது, அது என் தலையில் இருந்தது. நீ ஒவ்வொரு இடுப்பாக மாறிக்கொண்டு வந்தாய். அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பில் தங்கி, விடிந்ததும் கள்ளக்குறிச்சி சாலையைப் பிடித்தோம். இரண்டு கல் தொலைவு போவதற்குள் சாலையின் குறுக்கே புளியமரங்கள் வெட்டிக் கிடந்தன. துண்டைத் தலையில் கட்டிய பையன்கள் கிளைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். என் மாமன் வீட்டுச் சாயலில் இருந்த ஒருவன் எழுந்து நின்றான்.

"இன்னாம்மா, கொடத்த தூக்கிக்கினு கூட்டமா? மலையில தண்ணி கம்மியா?"

"தண்ணி இருக்குதுண்ணா. கொடந்தான் ஜாஸ்தியாப் போச்சு" என்றாள் பொன்னி.

"யாரு குடுத்தது?"

"மலையக் கேட்டு வந்தவங்க."

"நாங்க காலேஜ் சீட்டு கேக்கறோம், வேலை கேக்கறோம். நீங்க போயி இன்னா கேக்கப் போறீங்க?"

"நாங்க ஒண்ணும் கேக்கல. கேட்டவங்களுக்கு இல்லன்னு சொல்லப் போறோம்."

 கிளை மேலிருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். "டேய், அந்தக் கெளையத் தூக்குங்கடா. கைக்கொழந்த வச்சிக்கினு நிக்கறாங்க." நாலு பேர் குனிந்து தூக்கிப் பிடிக்க, நாங்கள் குடங்களோடு நுழைந்து போனோம். ஜீப்பைத் தடுக்கிற மரம் நடக்கிறவர்களைத் தடுக்காது. எனக்கு அந்தக் காலை அவ்வளவு பிடித்திருந்தது. அந்தப் பையன்களின் போராட்டம் பற்றி உன் அப்பாவும் நானும் பல நாள் வாதாடியிருக்கிறோம், அது வேறு. அன்று அவர்கள் தூக்கிப் பிடித்த கிளையின் கீழே குனிந்தபோது, தரைநாட்டுப் பெண் என்ற வெட்கம் கொஞ்சம் கழன்று விழுந்தது.

விசாரணை அதிகாரி வெளியூரிலிருந்து முந்தின நாளே வந்து தங்கியிருந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். மேனேஜர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். ஜீப்பை மறியலில் விட்டுவிட்டு, பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு மரம் மரமாக ஏறிக் குதித்து வந்திருந்தார். உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, என் குறிப்பை எடுத்து நீட்டினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "எழுதின பொண்ணே வந்திருக்குது சார். கேட்டுக்கங்க."

நான் எழுந்தேன்.  அதுவரை பத்துப் பேர் முன்னால் நான் பேசியதில்லை. "எழுதினது நான்தான் சார். கண்ணால பாத்ததத்தான் எழுதினேன். ஆனா பாத்தது இன்னான்னு புரியாம எழுதிட்டேன். அந்தக் குறிப்பு தப்பு."

"அதெப்படி சார்? இந்தம்மா வூட்லயே எங்க குடம் இருக்குது" என்றார் மேனேஜர்.

"இருந்திச்சு சார்" என்றேன். பக்கத்தில் வைத்திருந்த குடத்தைத் தூக்கி, அவர் காலடியில் சிமென்ட் தரையில் கவிழ்த்து வைத்தேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து கவிழ்த்து வைத்தார்கள். அறையில் இடம் போதாமல் வரிசை வராந்தா வரைக்கும் போனது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அந்த வழக்கத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குப் புரியுதும்மா. ஆனா குடத்த நான் ஃபைல்ல வைக்க முடியாது. அவங்க வாயால சொல்லணும்" என்றார். திரும்பி ஊர்க்காரர்களைப் பார்த்தார். "சொல்லுங்க. கரட்டைக் குடுக்கச் சம்மதமா, இல்லையா?"

அமைதி. அதே அமைதி. முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். மேனேஜர் கையை விரித்தார். "பாத்தீங்களா சார்? இங்கயும் யாரும் ஆட்சேபிக்கல."  முதல் தடவை தெரியாமல் எழுதினேன். இந்தத் தடவை தெரிந்தும் அதே வாக்கியம் ஃபைலில் ஏறப்போகிறது என்று நினைத்தேன்.

பொன்னி மெதுவாக நிமிர்ந்தாள். "சார், ஒண்ணு கேக்கலாமா? இது யாரு வூடு?"

"வூடா? இது கவர்மென்ட் ஆபீஸ்மா."

"எங்க வூடு இல்லயே?"

"இல்ல."

"இவரு இங்க எங்க சோறு துன்னலயே?"

அதிகாரிக்கு உதட்டோரம் துடித்தது. "நான் பாத்த வரைக்கும் இல்ல."

பொன்னி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இங்க இவரு நம்ம விருந்தாளி இல்ல. இங்க சொல்லலாம்." பிறகு மேனேஜரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னாள்: "தரமாட்டோம்."

அடுத்த வீடு சொன்னது, தரமாட்டோம். அதற்கடுத்த வீடு சொன்னது. ஊர் மூப்பர் சொன்னார். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்தது போல், ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் தொடங்கினார். நீ பொன்னியின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, கவிழ்ந்திருந்த நம் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, இரண்டு கையாலும் அதைத் தட்டத் தொடங்கினாய். நீ முதன்முதலாக நின்றது அன்றுதான். யாரும் உன்னைத் தூக்கவில்லை.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க, பதிவு பண்ணணும்" என்று அதிகாரி குரலை உயர்த்தினார். சிரிப்பை மறைக்க அவருக்கு அது தேவைப்பட்டிருக்க வேண்டும். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "நீங்களே எழுதுங்கம்மா. உங்க கையெழுத்து நல்லாருக்குது."

எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு முறை: தரமாட்டோம், தரமாட்டோம், தரமாட்டோம். எத்தனையோ நல்ல பக்கங்களைப் படித்திருக்கிறேன், மகனே. என் கையால் எழுதிய நல்ல பக்கம் அது ஒன்றுதான்.

கிளம்பும்போது ஆபீஸ் பியூன் பின்னாலேயே ஓடி வந்தார். "யம்மா, அந்தக் கொடத்துல ஒண்ண நான் எடுத்துக்கவா?" பொன்னி திரும்பிப் பார்த்தாள். "எடுத்துக்கங்கண்ணா. எடுத்தா ஒங்க வூட்டு மலைய நீங்க குடுக்கணும்." அவர் கையை இழுத்துக்கொண்டார். மறியலில் அந்தப் பையன்கள் எங்களுக்காகக் கரும்பு வெட்டி வைத்திருந்தார்கள். மேனேஜர் மரம் ஏறிய கதையை நடித்துக் காட்டினார்கள். உன் வாய் முழுக்கக் கரும்புச் சாறு. கம்பெனியின் விண்ணப்பம் தள்ளுபடியானதாகச் சில மாதங்களில் தகவல் வந்தது. அன்று ஊரில் மறுபடி சாமைச் சோறு பொங்கினார்கள். எனக்கு வேலை போனது. அதைப் பற்றி ஒருநாள்கூட நான் வருந்தவில்லை என்று சொன்னால் நீ நம்ப வேண்டாம், இரண்டு நாள் வருந்தினேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கடுக்காய் பொறுக்கிய கரடு அதுதான். நீ குடித்து வளர்ந்த ஓடை அதிலிருந்து வந்ததுதான்.

நீ அந்த வேலைக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கம்பெனிகள் மலைகளுக்குப் போகத்தான் போகின்றன. போகிற இடத்தில் உன்னைப் போல் ஒருவன் இருப்பது நல்லது. ஆனால் உன் சம்பளம் கம்பெனியிடமிருந்து வருகிறது, உன் சாப்பாடு அந்த ஊரிலிருந்து வருகிறது. இந்த இரண்டையும் சாப்பிடுகிறவன் எழுதுகிற வாக்கியத்தில் அவனுக்குத் தெரியாமலே ஒரு ஆசை ஒட்டிக்கொண்டிருக்கும். என் வாக்கியத்தில் ஒட்டியிருந்தது. உன்னிடம் பேசாமல் இருந்தவர்கள் உனக்குச் சோறு போட்டவர்கள் என்பதை மறக்காதே. நீ விருந்தாளியாக இல்லாத ஓர் இடத்தில், சந்தையிலோ சாலையிலோ நின்று, அவர்களிடம் மறுபடி கேள். அங்கே என்ன சொல்கிறார்களோ அதை எழுது.

அந்த ஊரில் குடையை மரத்தில் மாட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. உண்மையிலேயே வீட்டில் இடமில்லாமல் இருக்கலாம். ஆனால் உனக்கும் தெரியாது, அதைத்தான் சொல்கிறேன். காலையில் உன் பையைக் கட்டும்போது, அடியில் நீளமாக ஏதோ இடிக்கிறதே என்று கேட்டாயே, அது எனக்காக நீ எடுத்துவந்த குடை, நான்தான் வைத்தேன். அதை யார் கையிலும் கொடுத்தனுப்பாதே. ரிப்போர்ட் எழுதுவதற்கு முன்னால், நீயே அந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போ.

உன் அம்மா